காது கேளாத மாணவர் இருக்கும் வகுப்பில் கேப்ஷன்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

வகுப்பில் காது கேளாத மாணவர் ஒருவர் சேர்கிறார் என்றதும் பலரும் முதலில் தேடுவது ஓர் ஆப்பைத்தான். போனை மேசைமேல் வைத்தால் பேச்சு எழுத்தாக ஓடும், அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆப் தேவைதான். ஆனால் கேப்ஷன், அதாவது பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது, சரியாக அமைவது இரண்டு விஷயங்களில் இருக்கிறது: மைக்குக்குள் போகும் ஒலி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, திரையில் வரும் எழுத்தைப் படிக்க மாணவருக்கு நேரம் கிடைக்கிறதா. கேட்கும் மாணவர் காதால் பாடம் கேட்டுக்கொண்டே கண்ணால் போர்டைப் பார்க்கலாம், கையால் எழுதலாம். காது கேளாதவருக்கு இந்த மூன்றுக்கும் கண் ஒன்றுதான் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லா ஏற்பாடுகளும் அந்த ஒரு கண்ணுக்கு வழிவிடுவதற்காகத்தான்.

முதலில் மாணவரிடம் பேசுங்கள்

கருவி வாங்குவதற்கு முன்னால், வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரமாவது முன்பு, மாணவரோடு தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். பேசிப் பழகாத மாணவர் என்றால் எழுதிக் காட்டியோ சாட்டிலோ பேசலாம். சின்ன வயது என்றால் பெற்றோரையும் கூப்பிடுங்கள், ஆனால் கேள்வியை மாணவரைப் பார்த்தே கேளுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. அவருக்கு எளிதாக வருவது சைகை மொழியா, பேச்சா, எழுத்தா? எந்த மொழியில் வேகமாகப் படிக்கிறார்? காதில் ஹியரிங் எய்டோ காக்ளியர் இம்ப்ளாண்டோ இருக்கிறதா, எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறது? இதற்கு முன் படித்த இடத்தில் எது உதவியது, எது தொல்லையாக இருந்தது?

கேட்கும் திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமைப் பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். ஒரே டெசிபல் அளவு உள்ள இரண்டு பேர் வகுப்பில் முற்றிலும் வேறு மாதிரி இருப்பார்கள். உயர் அதிர்வெண்ணில் கேட்கும் திறன் குறைந்தவருக்கு உயிரெழுத்தோசை நன்றாக விழும், ச, ஸ, த போன்ற மெய்யோசைகள் நழுவிவிடும். குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை என்று அவர் சொல்வது அதனால்தான். இன்னும் சத்தமாகப் பேசி அதைச் சரிசெய்ய முடியாது.

சைகை மொழியில் வளர்ந்த மாணவருக்கு எழுத்துமொழி இரண்டாம் மொழியாகவே இருக்கலாம். வேகமாக ஓடும் கேப்ஷன் அவருக்குப் பாதி உதவிதான். சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால், கேப்ஷன் இருக்கிறதே என்று சொல்லி அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து இருப்பதே நல்லது. பாடத்தின் கலைச்சொற்களையும் பெயர்களையும் கேப்ஷனில் பார்த்துக்கொள்வார், விளக்கத்தைச் சைகையில் வாங்கிக்கொள்வார்.

உதட்டைப் படித்துச் சமாளிப்பார் என்றும் விட்டுவிடாதீர்கள். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். ‘பாடு’, ‘மாடு’ இரண்டும் கண்ணுக்கு ஒன்று. க, ங தொண்டையருகே பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. உதடு படிப்பவர் தெரிந்த பாதியை வைத்து மீதியை ஊகிக்கிறார். புதிய பாடத்தில் ஊகிக்க ஒன்றும் இருக்காது.

எந்த வகைக் கேப்ஷன்

நேரலையில் நான்கு வழிகள் உள்ளன. மிக நம்பகமானது, பயிற்சி பெற்ற ஸ்டெனோ கேப்ஷனர் உடனுக்குடன் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்வது. இதை கார்ட் (CART) சேவை என்பார்கள். ஸ்டெனோ இயந்திரத்தில் ஒரே அழுத்தலில் ஓர் அசையையோ முழுச் சொல்லையோ பதிக்கலாம் என்பதால் நிமிடத்துக்கு 200 சொற்களுக்கு மேல் போக முடியும். ஆங்கில வகுப்புக்கு ஆள் கிடைத்தால் இதையே எடுங்கள்.

இரண்டாவது, சாதாரண கீபோர்டில் சாரம் தட்டச்சு செய்வது. கை வேகமாக ஓடுபவர்களில் பலரும் நிமிடத்துக்கு 60, 70 சொற்கள்தான் அடிப்பார்கள். ஆங்கில வகுப்பில் பேச்சு 130, 150 என்று போகும். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் எண்ணிக்கை குறையுமே தவிர, அடிக்க வேண்டிய விசைகள் குறையாது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் பார்க்காமல், பொருள் விடாமல் சுருக்கி எழுதப் பழகியவர் வேண்டும். அடிக்கடி வரும் சொற்களுக்குச் சுருக்கெழுத்து வைத்துக்கொண்டால், உதாரணமாக ‘ஒசே’ என்று அடித்தால் ‘ஒளிச்சேர்க்கை’ என்று விரியும்படி செய்தால், வேகம் கணிசமாகக் கூடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள இரண்டு பேர் இருப்பது நல்லது.

மூன்றாவது, மறுபேச்சு. ஒருவர் ஆசிரியர் பேசுவதை ஹெட்போனில் கேட்டு, அமைதியான அறையில் உட்கார்ந்து, அதையே தெளிவாகத் தன் குரலில் திரும்பச் சொல்லிப் பேச்சு மென்பொருளுக்குக் கொடுப்பார். வகுப்பின் இரைச்சல், பலர் குரல், பேச்சுவழக்கு எல்லாவற்றையும் அவர் வடிகட்டிவிடுகிறார். தமிழ் வகுப்புக்கு ஸ்டெனோ ஆள் கிடைக்காத இடத்தில் அதிகம் கைகொடுப்பது இதுதான். இதை இன்னும் பலர் முயன்று பார்க்க வேண்டும்.

நான்காவது, தானியங்கி. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப், ஜூம், மீட், டீம்ஸ் போன்றவற்றில் உள்ள தானியங்கிக் கேப்ஷன் எல்லாம் இந்த வகை. லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழை ஏற்கும். முதன்மை மொழி, இரண்டாம் மொழி என்று இரண்டை வைத்து ஒரு தட்டில் மாற்றலாம், பாடச் சொற்களைத் தனியாகச் சேர்க்கலாம், வெளி மைக்கையும் இணைக்கலாம். தொடங்குவதற்கு இது போதும். ஆனால் ‘95 சதவீதம் சரி’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 100 சொற்கள் பேசினால் 5 பிழை, 45 நிமிட வகுப்பில் 225 பிழை. அவற்றில் எது பிழை என்பது கேட்காத மாணவருக்குத் தெரியாது. திரையில் வந்ததைத்தான் ஆசிரியர் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்வார்.

மைக்: பாதி வெற்றி இங்கேதான்

கேப்ஷன் மோசம் என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் மென்பொருள் இல்லை, மைக் இருக்கும் தூரம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கோடு ஒப்பிட்டால், 2 மீட்டர் தள்ளி இருக்கும் போனுக்கு நேராக வந்து சேரும் குரல் 20 டெசிபல் குறைவு. மின்விசிறியின் இரைச்சல் மட்டும் குறைவதில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். மென்பொருள் அந்தக் கலவையைக் கேட்டுத்தான் எழுதுகிறது.

செய்ய வேண்டியது எளிது. ஆசிரியருக்கு ஒரு காலர் மைக். தாடைக்குக் கீழே ஒரு சாண் அளவில், சட்டையின் நடுவில் குத்துங்கள். ஒரு பக்கக் காலரில் குத்தினால் மறுபக்கம் திரும்பும்போதெல்லாம் குரல் மங்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டையின் நாடா இவை மைக்கில் உரசினால் ஒவ்வோர் உரசலும் ஒரு சொல்லைத் தின்னும். அட்டையை வகுப்பு முடியும்வரை கழற்றி வைப்பது மேல். வயர்லெஸ் மைக்கின் ரிசீவரை லேப்டாப்பிலோ போனிலோ செருகி, அமைப்பில் உள்ளீடாக அந்த மைக்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். மைக் செருகியிருந்தும் லேப்டாப் தன் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சோதிக்க எளிய வழி: காலர் மைக்கை விரலால் மெல்லத் தட்டுங்கள். திரையில் ஒலிக்கோடு துள்ளினால் சரி. லேப்டாப்பைத் தட்டும்போது துள்ளினால் தவறான மைக் ஓடுகிறது.

சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்டைத் தவிர்க்கலாம். பாட்டுக் கேட்கும்போது நன்றாக இருப்பதே மைக்காக மாறும்போது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். ச, ஷ, ஸ வேறுபாடு முதலில் போகும்.

மாணவர் ஹியரிங் எய்டோ இம்ப்ளாண்டோ பயன்படுத்தினால், அவருடைய கருவியோடு நேரடியாகப் பேசும் ரிமோட் மைக் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹியரிங் எய்ட் பக்கத்தில் பேசும் ஆளுக்கு நன்றாக வேலை செய்யும். சில மீட்டர் தள்ளிப் போனால் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். ரிமோட் மைக் அந்தத் தூரத்தை இல்லாமல் செய்துவிடுகிறது. கருவியில் டெலிகாயில் (காந்தப்புலம் வழியே ஒலியை வாங்கும் சிறு கம்பிச்சுருள்) இருந்து, அதற்கு ஒலியை அனுப்பும் லூப் என்ற கம்பிவளையம் அறையில் போட்டிருந்தால் அதுவும் வழி. இரண்டு மைக்குகளும், அதாவது கேப்ஷனுக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று, ஒன்றையொன்று மோதாமல் அருகருகே குத்த வேண்டும். வகுப்பு முடிந்ததும் இரண்டையும் அணைக்கவும் வேண்டும். அணைக்காத மைக்கோடு ஆசிரியர்கள் அறைக்குப் போனால் அங்கே பேசுவதெல்லாம் மாணவர் காதுக்குப் போகும்.

அறையும் முக்கியம். ஆளில்லாத வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்குள்ளும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 விநாடிக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஆன்சி எஸ்12.60 தரநிலை. பெரும்பாலான வகுப்பறைகள் இதை எட்டாது. சாலைப் பக்க ஜன்னலை மூடுவது, மேசை நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் தொப்பி போடுவது, பின்சுவரில் துணிப் பலகை மாட்டுவது என்று தொடங்கலாம். அறையை மாற்ற முடிந்தால் அதுவே மலிவான தீர்வு.

திரை எங்கே இருக்க வேண்டும்

பொதுத் திரையில் காட்டினால் எல்லோருக்கும் பயன்படும். தவறவிட்ட சொல்லைக் கேட்கும் மாணவர்களும் பார்த்துக்கொள்வார்கள். மாணவர் தன் ஒருவருக்காகத் திரை ஓடுவதை விரும்பாவிட்டால் டேப்லட்டில் கொடுங்கள். டேப்லட்டை மேசையில் படுக்க வைக்காதீர்கள். தலை குனிந்தே இருக்கும், ஆசிரியரின் முகம் கண்ணில் படவே படாது. ஒரு ஸ்டாண்டில் தூக்கி, மாணவர் பார்வையில் ஆசிரியரின் தோளுக்குச் சற்றுக் கீழே தெரியும்படி வையுங்கள். கண் அரை அங்குலம் நகர்ந்தால் முகம், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் போர்டு.

இருக்கை முன்வரிசை நடு என்பது எப்போதும் சரியில்லை. முன்வரிசையில் ஓரமாக, நன்றாகக் கேட்கும் காது வகுப்பைப் பார்த்திருக்கும்படி உட்கார்ந்தால், திரும்பிப் பார்த்ததும் பேசும் சக மாணவரின் முகமும் தெரியும். ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. முகம் நிழலாகிவிடும்.

பொதுத் திரையில் எழுத்தளவுக்கு ஓர் எளிய கணக்கு: கடைசி இருக்கை 3 மீட்டர் என்றால் எழுத்து 2.5 சென்டிமீட்டர் உயரம், 9 மீட்டர் என்றால் 7.5. தமிழுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள். ி, ீ, ு, ூ குறிகள் சின்னதாகிவிட்டால் ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றாகத் தெரியும். வரி இடைவெளியை ஒன்றரை மடங்காக்குங்கள், இல்லையென்றால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யில் முட்டும். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. வண்ணம் மாற்றினால் எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் தரநிலையின் அளவு. ஒரே நேரத்தில் நான்கைந்து வரிகள் தெரியட்டும். இரண்டே வரி காட்டினால், போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் சொன்னது மேலே ஓடிப் போயிருக்கும்.

ஸ்லைடுகளில் அடிப்பகுதி ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். கேப்ஷன் அங்கேதான் வந்து உட்காரும். படத்தின் விளக்கமும் அங்கேயே இருந்தால் இரண்டும் வீண்.

வகுப்புக்கு முன்: சொற்பட்டியல்

கேப்ஷனர் ஆள் என்றாலும் மென்பொருள் என்றாலும், பாடத்தின் பெயர்ச்சொற்களும் கலைச்சொற்களும் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். ஒரு பாடத்துக்கு 20 முதல் 40 சொற்கள் போதும். ஆளுக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்லைடுகளோடு அனுப்புங்கள். மென்பொருளில் தனிச்சொற்கள் சேர்க்கும் இடத்தில் இடுங்கள். அதே பட்டியலை மாணவருக்கும் கொடுங்கள். முதல்முறை பார்க்கும் சொல் ஓடும் திரையில் வந்தால் படிப்பது நின்றுவிடும்.

வகுப்பு நடக்கும்போது

இங்கேதான் ஆசிரியரின் பழக்கம் மாற வேண்டும். பழகச் சில வாரங்கள் ஆகும், விடாதீர்கள்.

கேப்ஷன் எப்போதும் பேச்சுக்குப் பின்னால் வரும். ஆள் தட்டினாலும் மென்பொருள் எழுதினாலும் 2 முதல் 5 விநாடித் தாமதம் இருக்கும். இதயத்தின் படத்தில் விரல் வைத்து, ‘இதுதான் இடது கீழறை, இங்கிருந்து ரத்தம் இப்படிப் போகுது’ என்று சொல்லி விரலை நகர்த்திவிட்டால், அந்த வரி திரைக்கு வரும்போது விரல் வேறெங்கோ இருக்கும். திரையில் ‘இது’, ‘இங்கிருந்து’, ‘இப்படி’ என்று மட்டும் நிற்கும். எனவே பெயர் சொல்லிக் காட்டுங்கள்: ‘இடது கீழறையிலிருந்து மகாதமனிக்கு ரத்தம் போகிறது.’ சொல்லிவிட்டு, விரலை எடுக்காமல் ஐந்து விநாடி நில்லுங்கள். மாணவர் திரையைப் படித்து, படத்துக்குத் திரும்பி, உங்கள் விரலைக் கண்டுபிடித்ததும் நகருங்கள்.

போர்டில் எழுதும்போது பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், அவர்கள் படிக்க விடுங்கள், பிறகு பேசுங்கள். கேள்வி கேட்டால் ஏழெட்டு விநாடியாவது காத்திருங்கள். இல்லையென்றால் கேள்வி திரைக்கு வரும்போது முன்வரிசைப் பையன் பதிலே சொல்லியிருப்பான். காது கேளாத மாணவர் பதில் சொல்வதே இல்லை என்று நினைக்கும் இடத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

மற்ற மாணவர்கள் கேட்கும் கேள்வி உங்கள் காலர் மைக்கில் விழாது. யார் கேட்டார் என்று பெயர் சொல்லி, கேள்வியை நீங்கள் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். குழு விவாதம் என்றால் கையில் பிடிக்கும் மைக் ஒன்றைச் சுற்றில் விடுங்கள். மைக் யார் கையில் இருக்கிறதோ அவரே பேசலாம் என்ற ஒரு விதி போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எந்த மென்பொருளும் ஒன்றையும் உருப்படியாக எழுதாது.

கணக்கு வகுப்பில் அடைப்பைக் குரலில் சொல்லுங்கள். ‘ஏ கூட்டல் பி, வர்க்கம்’ என்றால் பி மட்டும் வர்க்கமா, கூட்டுத்தொகை முழுதுமா என்று திரையைப் பார்த்துத் தெரியாது. ‘அடைப்புக்குள் ஏ கூட்டல் பி, அடைப்பு மூடி, முழுவதும் வர்க்கம்’ என்று சொல்லுங்கள், போர்டிலும் எழுதுங்கள். எண்களை முடிந்தவரை தமிழில் சொல்லலாம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் மென்பொருளுக்கும் உதட்டைப் படிப்பவருக்கும் குழப்பம் தரும். பதினைந்தும் ஐம்பதும் குழம்பாது. ஆனால் ஒன்பது, ஐம்பது, எண்பது மூன்றும் குறைவாகக் கேட்பவருக்கு நெருக்கமான ஓசை. முக்கியமான எண் எதுவானாலும் போர்டில் இருக்க வேண்டும்.

ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டே குறிப்பெடுக்க முடியாது. வகுப்பு முடிந்ததும் எழுத்துப்பதிவைக் கொடுங்கள், ஆனால் அதைக் குறிப்பு என்று நினைக்காதீர்கள். 45 நிமிட வகுப்பின் பதிவு நான்காயிரம் சொற்களைத் தாண்டும், நிறுத்தக்குறிகூட ஒழுங்காக இருக்காது. நன்றாக எழுதும் இரண்டு மாணவர்களின் நோட்டைப் படமெடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.

நடுவில் ஓய்வும் தேவை. மணிக்கணக்கில் திரையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பது களைப்பூட்டும் வேலை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் பயிற்சியோ தனியே படிக்கும் வேலையோ கொடுத்தால் கண் ஆறும். மொழிபெயர்ப்பாளரும் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால்தான் சைகை தெளிவாக இருக்கும்.

தமிழில் மென்பொருள் வழுக்கும் இடங்கள்

எதிர்மறைதான் முதல் ஆபத்து. பேச்சுத்தமிழில் ‘கரையுது’, ‘கரையாது’ இரண்டுக்கும் இடையே ஓர் ஓசைதான் வித்தியாசம். மென்பொருள் ஒன்றுக்கு இன்னொன்றை எழுதினால் வேதியியல் பாடம் தலைகீழாகும், வாக்கியத்தைப் பார்த்தால் பிழை என்றே தெரியாது. முக்கியமான உண்மைகளை இரண்டு விதமாகச் சொல்லுங்கள்: ‘இது தண்ணீரில் கரையாது. கரைவதே இல்லை.’

ல, ள, ழ குழப்பம் எல்லோருக்கும் தெரிந்ததே. வளி என்று சொன்னால் வழி, வலி என்று வரும். ர, ற கலந்து அரை, அறை ஆகும். இவற்றைச் சூழலை வைத்து மாணவர் பெரும்பாலும் சரிசெய்துகொள்வார், சொற்பட்டியல் முன்பே கையில் இருந்தால். ஆங்கிலச் சொல் கலந்து பேசும் வகுப்பில் மொழியைத் தமிழென்றே வைத்துவிட்டு, ஆங்கிலக் கலைச்சொல்லை நிதானமாகச் சொல்லுங்கள். மொழியை ஆங்கிலமாக வைத்தால் இடையில் வரும் தமிழெல்லாம் பொருளற்ற ஆங்கிலச் சொற்களாக விழும்.

இரண்டாம் கண்ணாக ஒருவரை உட்கார வையுங்கள். மூத்த மாணவரோ உதவியாளரோ, திரையைப் பார்த்துக்கொண்டிருந்து, பொருளை மாற்றும் பிழை வந்ததும் கைதூக்க வேண்டும். எழுத்துப்பிழைக்கெல்லாம் நிறுத்த வேண்டாம்.

பதிவு செய்த வீடியோவுக்கு

கேப்ஷன் இல்லாத வீடியோவை வகுப்பில் போடாதீர்கள். நேரலைக் கேப்ஷன் ஓடும் போனை ஸ்பீக்கருக்கு முன் நீட்டிச் சமாளிப்பது பலிக்காது. பின்னணி இசை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தானியங்கி வரைவை எடுத்துத் திருத்துவதே வேகமான வழி. யூடியூப் ஸ்டுடியோவிலேயே திருத்தலாம். கணினியில் என்றால் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் நன்றாக இருக்கும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற ஏஐ மாதிரிகள் தமிழிலும் வரைவு தரும், ஆனால் பேச்சில்லாத இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதி வைக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அமைதியான இடங்களைத் தவறாமல் பாருங்கள். 10 நிமிட வீடியோவைத் திருத்த ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேப்ஷன் கோப்பு இப்படி இருக்கும்:

1
00:00:12,400 --> 00:00:16,900
தாவர செல்லுக்குச் சுவர் உண்டு;
விலங்கு செல்லுக்குக் கிடையாது.

கேப்ஷன் கோப்பில் இரண்டு வகை பரவலாக உண்டு: எஸ்ஆர்டி (.srt) கோப்பில் விநாடிக்குப் பின் காற்புள்ளி, வெப்விடிடி (.vtt) கோப்பில் முற்றுப்புள்ளி. இதை மாற்றிப் போட்டால் பல இடங்களில் கேப்ஷன் வராமல் போகலாம், பிழைச் செய்தியும் காட்டாமல் இருக்கலாம். சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம் (encoding) என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பாடத்தை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

ஒரு முறைக்கு இரண்டு வரி, குறைந்தது ஒரு விநாடி, அதிகபட்சம் ஏழு. படிக்கும் வேகத்தை மென்பொருள் கணக்கிடும்போது தமிழில் ஏமாற்றும். ‘கொடுக்கிறோம்’ நமக்கு ஆறு எழுத்து, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணுவதால் மென்பொருளுக்குப் பன்னிரண்டு. ஆங்கிலத்துக்கு வைத்த வரம்பை அப்படியே விட்டால் எல்லா வரியும் சிவப்பாகக் காட்டும், பயந்துபோய்ப் பேச்சை வெட்டுவீர்கள். அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு, வரியை மனதுக்குள் நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். படித்து முடிப்பதற்குள் மறைந்தால் நேரத்தை நீட்டுங்கள்.

வரியைப் பொருள் முறியும் இடத்தில் உடையுங்கள். ‘சூடாக்கினால் உப்பு அதிகமாகக்’ என்று ஒரு வரியும் ‘கரையும்’ என்று அடுத்ததும் வந்தால் கண் தடுக்கும். ‘சூடாக்கினால்’ மேலே, ‘உப்பு அதிகமாகக் கரையும்’ கீழே என்று வையுங்கள். பேசுபவர் மாறினால் பெயர் போடுங்கள். பொருள் தரும் ஒலிகளை அடைப்பில் குறியுங்கள்: (மணி அடிக்கிறது), (வெடிக்கும் ஒலி). ஆசிரியரின் ‘ம்’, ‘ஆ’ வேண்டாம், ஆனால் பேச்சை உங்கள் விருப்பத்துக்கு அழகுபடுத்தாதீர்கள். உதட்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒத்துப்போகாமல் குழப்பம் வரும்.

கேப்ஷனைத் தனிக் கோப்பாக வைத்தால் அளவை மாற்றலாம், சொல்லைத் தேடலாம். மெசேஜ் ஆப்களில் அனுப்பும் வீடியோவோடு தனிக் கோப்பு போகாது என்பதால் அதற்கு மட்டும் படத்திலேயே பதித்த பிரதி ஒன்று எடுங்கள்.

ஆய்வகம், தேர்வு, ஆன்லைன்

ஆய்வகத்தில் கண் தீச்சுடரில் இருக்க வேண்டும், திரையில் அல்ல. செய்முறையை எழுத்தில் முன்பே கொடுத்து, படித்து முடித்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள். நடுவில் நிறுத்த, பின்வாங்க, அணைக்க என்று மூன்று கை அடையாளங்களை வகுப்பு முழுவதும் பழகட்டும். தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கும் இருக்க வேண்டும்.

தேர்வில் மறந்துபோவது வாய்மொழித் திருத்தங்கள். ‘மூன்றாம் கேள்வியில் ஒரு மாற்றம்’ என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். போர்டில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். கேட்டு எழுதும் தேர்வுக்கு மாற்று ஏற்பாட்டை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆன்லைனில் மொழிபெயர்ப்பாளரின் சட்டகத்தைத் திரையில் நிலையாக நிறுத்த (pin) மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேசுபவர் கேமராவை அணைக்கக் கூடாது. சாட்டில் வருவதை ஆசிரியர் வாசித்துக்கொண்டே போனால் அதுவும் கண்ணுக்கு இன்னொரு வேலை. சாட்டுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் இரண்டு வாரம்

உண்மையான வகுப்புக்கு முன் காலி அறையில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முதல் வாரத்தில் ஒரு பாடத்தைப் பதிவு செய்து, நடுவிலிருந்து 200 சொற்களை எடுத்து, திரையில் வந்ததோடு ஒப்பிடுங்கள். பொருள் மாறிய பிழையை மட்டும் எண்ணினால் போதும். நான்கைந்தைத் தாண்டினால் முதலில் மைக்கைப் பாருங்கள், பிறகு சொற்பட்டியல், கடைசியாக மென்பொருளை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

பதிவு செய்வதை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி, சிறுவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வாங்குங்கள். எழுத்துப்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இடைவேளையில் கேப்ஷனை நிறுத்துங்கள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் பேசும் சொந்தக் கதை பெரிய திரையில் ஓடக் கூடாது.

இணையம் துண்டிக்கும், சார்ஜ் தீரும், கேப்ஷனர் வராமல் போவார். அன்றைக்கு என்ன செய்வது என்று மாணவரோடு முன்பே பேசி வையுங்கள். மாற்று பேட்டரி, போனில் ஹாட்ஸ்பாட், பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் சாரம் அடிக்க ஒரு மாணவர் என்று வரிசை இருக்கட்டும். கேப்ஷன் நின்றதும் மாணவர் கைதூக்கத் தயங்குவார், அதனால் கவனிக்க வேண்டியது உங்கள் இரண்டாம் கண். அது நின்றால் பாடமும் நிற்க வேண்டும்.

இரண்டாம் வாரக் கடைசியில் மாணவரோடு மறுபடி உட்காருங்கள். ‘எல்லாம் சரியா?’ என்று கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும். நேற்றைய எழுத்துப்பதிவை முன்னால் வைத்து, எந்த இடத்தில் தொடர்ச்சி விட்டுப்போனது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். குறித்த இடத்தில் நீங்கள் போர்டைப் பார்த்துப் பேசினீர்களா, யாராவது குறுக்கே பேசினார்களா, சொல் புதிதா என்று பாருங்கள். அடுத்த வாரம் மாற்ற வேண்டியது அந்தக் குறிகளிலேயே இருக்கும்.